ஆறாவது வரி

ஒரு புற்றுநோய் மருத்துவமனையின் கணினி அறையில் மெஹருன்னிசா குருவாக இருந்தார். சவரிமுத்து அவரைவிட ஒன்பது வயது மூத்தவர், ஆனாலும் சீடர். தொழிலை அவரிடம்தான் கற்றார்.

அன்று காலை மருத்துவமனை வாசலில் இசக்கி நின்றிருந்தார். கேபிள் வேலை பார்த்தவர். ஸ்கேன் படங்கள் திறக்க நான்கு நிமிடம் ஆவதற்கு அவர் இழுத்த கேபிளே காரணம் என்று சவரிமுத்து அறிக்கை எழுத, ‘கவனக்குறைவு’ என்ற ஒரு சொல்லோடு இரண்டு மாதங்களுக்கு முன் வெளியே அனுப்பப்பட்டவர்.

“என்ன சார், என் கேபிளையெல்லாம் பிடுங்கிட்டுப் புதுசு போட்டாச்சு. இப்போ படம் பறக்குதா?”

புதுக் கேபிள் போட்ட பிறகும் நான்கு நிமிடம் நான்கு நிமிடமாகவே இருந்தது.

“அந்த ஒரு வார்த்தையைப் பாத்துட்டு எந்த ஆஸ்பத்திரியிலயும் என்னை உள்ள விடல சார். அதை எடுத்துக் குடுங்க. அதுவரைக்கும் இங்கேயேதான் நிப்பேன்.”

சவரிமுத்து குருவிடம் போனார்.

“மேடம், எல்லாத்தையும் பாத்துட்டேன். இன்னும் ஏன் மெதுவா இருக்கு?”

“எல்லாத்தையுமா?”

சவரிமுத்து, சர்வர்களின் வேகத்தை அளந்து எழுதிய தாளை நீட்டினார். அந்த மருத்துவமனையில் ஒவ்வொரு படமும் ஆறு துண்டுகளாகி ஆறு சர்வர்களில் தங்கியிருக்கும். கேட்டதும் ஆறும் தத்தம் துண்டை அனுப்ப வேண்டும். கடைசித் துண்டு வந்த பிறகே திரையில் படம். ஒரு சர்வர் அடியோடு நின்றுபோனால் கவலையில்லை, மற்றவை அதன் துண்டைக் கணக்கிட்டுக்கொள்ளும். நின்றுபோகாமல் இழுத்துக்கொண்டிருக்கும் ஒன்றுக்காகத்தான் ஐந்தும் காத்திருக்கும்.

தாளில் சர்வருக்கு ஒரு வரி. ஐந்து வரிகளில் எண்கள் இருந்தன. ஆறாவது வரியில் ‘சரி’ என்று மட்டும் இருந்தது.

“இதுக்கு எண் எங்கே?”

“அது நீங்க உங்க கையால அமைச்சது மேடம். சரியாத்தான் இருக்கும்.”

குரு எழுந்துபோய் ஆறாவது சர்வரை அளந்தார். பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. உள்ளே ஒரு டிஸ்க், ஒரே இடத்தைப் படிக்க முயன்று, தோற்று, மறுபடி முயன்று, நூறாவது தடவையில் சரியான விடையைக் கொடுத்துக்கொண்டிருந்தது. பழுது என்று ஒருமுறைகூட அது அறிவிக்கவில்லை.

“எத்தனை நாளா மேடம் இப்படி?”

“நாலு மாசமா. பதிவுல எல்லாம் இருக்கு. யாரும் திறந்து பாக்கல.”

குரு டிஸ்க்கை உருவினார். பச்சை, சிவப்பானது. சற்று நேரத்தில் மேல்மாடியிலிருந்து ஒரு டாக்டர் அழைத்தார்.

“என்னய்யா மந்திரம் போட்டீங்க? தொட்டதும் திறக்குது!”

சவரிமுத்து ஃபோனை வைத்தார். அலமாரியிலிருந்து இசக்கியைப் பற்றிய அறிக்கையை எடுத்துவந்து, ‘கவனக்குறைவு’ என்ற சொல்லின்மேல் ஒரு கோடு இழுத்தார். கோட்டுக்குக் கீழே, இரண்டு மாதங்களுக்கு முன் அவர் போட்ட கையெழுத்து இருந்தது. அதற்கும் கீழே, அதே நாளிட்டு, குருவின் கையெழுத்து.

ஜன்னலுக்கு வெளியே, வாசலில், இசக்கி இன்னும் நின்றுகொண்டிருந்தார்.

“மேடம், கேபிள்தான் காரணம்னு நான் எழுதினது தப்பு. ஆனா கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி, ‘அளந்து பாத்தீங்களா’ன்னு ஒரு வார்த்தை நீங்க என்னைக் கேட்டிருக்கலாமே?”

குருவின் கையில் டிஸ்க் இன்னும் சூடு ஆறாமல் இருந்தது.

“நீங்க எழுதினது, சவரிமுத்து. சரியாத்தான் இருக்கும்னு நெனச்சேன்.”