பிடுங்க வராத மருதங்கட்டை

இதைச் சரியாகச் சொல்வேனா என்று பயமாக இருக்கிறது. முன்பின் மாற்றிச் சொன்னால் கெடுவது, ஆற்று வேலையில் என் குருவான உலகம்மையின் பேர். அவள் என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவள்.

எங்கள் ஆற்றில் ஒரு பக்க ஓடை உண்டு. ஆற்றிலிருந்து பிரிந்து, மூன்று வயல் தூரம் வளைந்து போய், திரும்ப ஆற்றிலேயே விழும். இன்று அங்கே நீர்நாய் குட்டி போட்டிருக்கிறது. யார் வெட்டிய ஓடை என்று பக்கத்து ஊரார் கேட்கிறார்கள்.

நான்தான். ஆனால் முதலில் வெட்டியது வேறு மாதிரி.

அப்போது ஓடையின் வாய் மணல் மூடிக் கிடந்தது. வெள்ளம் வந்தால் மீன்குஞ்சு ஒதுங்க இடமில்லை. கடலுக்கே அடித்துப் போய்விடும்.

"குஞ்சு தங்கணும், வடிவக்கா. அவ்வளவுதான்" என்றாள் உலகம்மை.

முப்பது பெண்களோடு மூன்று மாதம் தோண்டினேன். வயலுக்கு வாய்க்கால் வெட்டிப் பழகிய கை எங்களுக்கு. வளைவை நிமிர்த்தினோம். கரையைச் சீவினோம். விழுந்த மரம், வேர், கோரை, எதையும் விடவில்லை. ஒரு முனையில் நின்றால் மறுமுனை தெரிந்தது.

ஐப்பசியில் முதல் வெள்ளம். வாய்மணலை வெட்டிவிட்டோம். தண்ணீர் பாய்ந்தது.

உலகம்மை வந்து பார்த்தாள்.

"எப்படி இருக்கு, தாயே?"

"கல்யாண வீட்டு வாசல் மாதிரி இருக்கு."

எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

"ஒரே குறைதான். கீழ்க்கோடியில அந்த மருதங்கட்டை. கடப்பாரை வளைஞ்சதுதான் மிச்சம். வெள்ளம் வடிஞ்சதும் டிராக்டர்ல கட்டி இழுத்துடறேன்" என்றேன்.

"சரி. இறங்குங்க."

"எங்கே?"

"ஓடையில."

"எனக்கு நீச்சல் தெரியாதே!"

"இடுப்புத் தண்ணிதானே. குஞ்சுக்கும் இன்னும் நீச்சல் பத்தாது."

பெண்கள் சிரித்தார்கள். "இறங்குக்கா, நீ வெட்டின ஓடைதானே!"

ரோஷம் வந்துவிட்டது. சேலையை வரிந்து கட்டி, கீழ்க்கோடிக்குக் கொஞ்சம் மேலே இறங்கினேன்.

"நடுவில நில்லுங்க. பத்து எண்ணுறேன்."

ஒன்று என்பதற்குள் கால் பெயர்ந்தது. கரையைப் பிடித்தேன். சீவிய கரை சோப்புப்போல வழுக்கியது. நேராக ஓடிய தண்ணீர் என்னையும் நேராகக் கொண்டுபோனது. முன்னால் ஆறு, செந்நிறமாய்ப் புரண்டுகொண்டு.

"தாயே!"

உலகம்மை கரையில் கூடவே ஓடிவந்தாள். கைக்கெட்டும் தூரம்தான். கையை மட்டும் நீட்டவில்லை.

"ஆறு... ஏழு..."

மார்பில் எதுவோ இடித்தது. இரண்டு கையாலும் கட்டிக்கொண்டேன்.

மருதங்கட்டை.

அதன் மறைவில் தண்ணீர் ஓடவில்லை. மெதுவாகச் சுழன்றது. மூச்சு வந்ததும் குனிந்து பார்த்தேன். என் கையைச் சுற்றி, சிவப்புச் சிவப்பாக, விரால் குஞ்சுகள். கூட்டமாய் நின்றன.

"பத்து" என்றாள் உலகம்மை. "டிராக்டர் என்னைக்கு வருது, அக்கா?"

நான் கட்டையை விடவில்லை.