கல் இல்லாத அரிசி

“நேரா ஒரு வார்த்தை சொல்லிடுங்கம்மா. எனக்குக் காவி உண்டா, இல்லையா?”

கேட்டவர் வைரக்கண்ணு. வயது அறுபத்தொன்று. துறவு வேண்டி மடத்துக்கு வந்து மூன்று மாதமாகிறது. குரு தையல்நாயகி அம்மாள் அவரைவிடப் பத்து வயது இளையவர்.

“நான் எதைச் சொல்லாம விட்டேன்?”

“திங்கக்கிழமை என் டம்ளரைக் கவிழ்த்து வச்சீங்க. ‘நீ இன்னும் காலியாகலை’ன்னு புரிஞ்சுக்கிட்டு ரெண்டு நாள் பட்டினி கிடந்தேன்.”

“கழுவிக் கவிழ்த்தேன்.”

“நேத்து நான் காவி பத்திக் கேட்டதும் கதவைச் சாத்தினீங்க.”

“கொசு.”

வைரக்கண்ணுவுக்குத் தலை சுற்றியது. கொசு என்பதிலும் ஏதோ இருக்குமோ என்று யோசித்தார். பாவம், மனிதர் அப்படியே பழகிவிட்டார். அம்மாள் தும்மினால்கூட அதற்குப் பொருள் தேடுவார்.

“வீட்ல சொல்லிட்டுத்தானே வந்தீங்க?”

“சொன்னேன். செங்கமலம் தடுக்கவே இல்ல. ‘உங்க இஷ்டம்’னுட்டா.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான். கட்டின நாள்லேர்ந்து அவ அப்படித்தாம்மா. சாடைமாடையாப் பேசவே தெரியாது.”

அம்மாள் பக்கத்தில் கிடந்த கீரைக்கட்டைப் பிரித்து ஆயத் தொடங்கினார்.

“சொல்லும்போது என்ன செஞ்சுக்கிட்டிருந்தாங்க?”

“முறத்துல அரிசி வச்சுக் கல் பொறுக்கிக்கிட்டிருந்தா.”

“நிறையக் கல்லோ?”

“கல்லு எங்க இருக்கு? அப்பத்தான் பொறுக்கி முடிச்சிருந்தா. உலை கொதிச்சுக்கிட்டிருந்துச்சு. நான் விஷயத்தைச் சொன்னதும் மறுபடியும் முதல்லேர்ந்து...”

வைரக்கண்ணு நிறுத்தினார்.

“தலை நிமிர்ந்தாங்களா?”

“இல்லம்மா.”

“நீங்க கிளம்புற வரைக்கும்?”

“செருப்பு மாட்டும்போது திரும்பிப் பார்த்தேன். முறம் மடியிலயே இருந்துச்சு. உலைத்தண்ணி பொங்கி அடுப்புல வழிஞ்சுக்கிட்டிருந்துச்சு. அவ எழுந்திரிக்கல.”

 முப்பத்தெட்டு வருஷம் அவள் கையால் சாப்பிட்டவர். அவள் உலையைப் பொங்கி வழியவிட்டு ஒருநாளும் பார்த்ததில்லை.

“அம்மா, இப்ப நான் என்ன செய்யணும்?”

அம்மாள் தலை நிமிராமல் சொன்னார்.

“உங்க இஷ்டம்.”

வைரக்கண்ணு எழுந்து செருப்பைத் தேடினார்.