அசையாத கயிறு

தங்கள் கிரீடத்துக்கு முத்து வேண்டுமென்று ராஜாக்கள் கடலோரத்தில் கூடாரம் போட்டுக் காத்திருந்த காலம் ஒன்று உண்டு. அந்தக் காலத்தில் நடந்ததாகக் கேள்விப்பட்ட கதை இது. பெரியவர்களும் கேட்கலாம், சின்னவர்களும் கேட்கலாம்.

அந்தக் கடற்கரைப் பட்டினத்தில் ஒரு வழக்கம் இருந்தது. முத்துக் குளிக்க இறங்குகிறவன் இடுப்பில் கயிறு கட்டியிருப்பான். மறுமுனையைத் தோணியில் பிடித்திருப்பவன் அவனுடைய மைத்துனனாகத்தான் இருக்க வேண்டும். கூடப்பிறந்தவனைக்கூட நம்ப மாட்டார்கள். மைத்துனனை நம்புவார்கள். அவன் கயிற்றை விட்டால் அவனுடைய தங்கையின் தாலி அல்லவா போய்விடும்?

இன்னொரு வழக்கமும் இருந்தது. கீழே இருப்பவன் கயிற்றை அசைத்தால்தான் மேலே இருப்பவன் இழுப்பான். முந்தி இழுத்துவிட்டால் அள்ளிய சிப்பி சிதறிப்போகும். மேலே வந்தவன் வாய்க்கு வந்தபடி ஏசுவான். ஆகவே "கயிறு அசையட்டும்" என்பது அந்த ஊரில் எல்லாவற்றுக்கும் பதிலாகிவிட்டது. கோபித்துக்கொண்டு போனவனைக் கூப்பிடலாமா என்று கேட்டால், கயிறு அசையட்டும் என்பார்கள். பேச்சு நின்றுபோன வீட்டுக்குப் போகலாமா என்றால், அதற்கும் கயிறு அசையட்டும் என்பார்கள்.

அந்த ஊரில் எஸ்தாக்கி என்று ஒருவன் முத்துக் குளித்தான். அவன் மனைவி மரியகொழுந்து. அவளுடைய அண்ணன் கயித்தான் கயிறு பிடித்தான். எஸ்தாக்கிக்குத் தொம்மை என்று ஓர் அண்ணன். மூச்சடக்குவதிலும் நேர்மையிலும் தொம்மைக்குத்தான் ஊரில் பேர். அந்தப் பேர் தம்பியின் நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது.

ஒரு நாள் எஸ்தாக்கி தோணியிலேயே ஒரு சிப்பியைப் பிளந்து, முத்தை வாய்க்குள் அடக்கிக்கொண்டான். கரையில் ராஜாவின் கண்காணி வாயைத் திற என்றான். எஸ்தாக்கி அவனைத் தள்ளிவிட்டுப் பனங்காட்டுக்குள் ஓடிப்போனான்.

கண்காணி கயித்தானைப் பிடித்துக்கொண்டான். திருடனுடைய கயிற்றைப் பிடித்தவனும் திருட்டில் பங்காளி என்பது ராஜாவின் சட்டம். ஆனால் எல்லார் முன்னிலையிலும் அந்தக் கயிற்றை அறுத்துப் போட்டால் அவன் தப்பித்துக்கொள்ளலாம். அறுக்காதவன் தோணி ஏறக் கூடாது.

கத்தியைக் கையில் கொடுத்தார்கள். கயித்தான் அறுக்கவில்லை. கயிற்றைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டான்.

வந்துவிட்டானே தவிர, இருக்க முடியவில்லை. கரைக்குப் போவான், திரும்புவான். பனங்காட்டு ஓரம் வரை போவான், அங்கிருந்தும் திரும்புவான். உட்கார்ந்தால் விரல்கள் எதையோ பிடித்திருப்பதுபோல மடங்கிக்கொள்ளும். மற்றத் தோணிகள் கடலுக்குப் போவதைப் பார்க்கப் பொறுக்காமல் முதுகைக் காட்டி நிற்பான்.

எஸ்தாக்கியைத் தேடிப் போகலாமா என்று ஊர்த் தலைவரைக் கேட்டான். எஸ்தாக்கி ஆள் அனுப்பட்டும் என்றார் அவர். தோணிக்காரரைக் கேட்டான். அவன் வந்து மன்னிப்புக் கேட்கட்டும் என்றார். தொம்மையைக் கேட்டான். அவன் வலையைச் சிக்கெடுத்தபடியே, "கயிறு அசையட்டும்" என்றான்.

மழைக்காலம் வந்தது. ஆளும் வரவில்லை, சொல்லும் வரவில்லை. ஒரு பகல் கயித்தான் தங்கை வீட்டு வாசலில் அங்குமிங்கும் நடந்துகொண்டிருந்தான். மரியகொழுந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அண்ணே, நம்ம அப்பா கடைசியா இறங்கின அன்னைக்குக் கயிறு அசைஞ்சுதா?"

கயித்தான் நின்றுவிட்டான்.

அவர்களுடைய அப்பாவும் முத்துக் குளித்தவர்தான். அன்று கயிறு பிடித்தவர் நல்ல மனிதர். கயிறு அசையும் என்று காத்திருந்தார். அசையவில்லை. காத்திருந்தவர் இழுத்தபோது அப்பா வந்தார், உயிர் வரவில்லை.

"மூச்சு முட்டிப்போனவனுக்குக் கயித்தை அசைக்கக் கை வருமா?" என்றாள் மரியகொழுந்து.

மழையிலேயே கயித்தான் புறப்பட்டான்.

முதலில் உப்பளத்துக்குப் போனான். எஸ்தாக்கி அங்கே வேலை செய்து, ஒருவன் மண்டையை உடைத்துவிட்டுப் போயிருந்தான். அடிபட்டவன் கயித்தானை ஏசினான். கயித்தான் தலைகுனிந்து கேட்டுக்கொண்டு, எந்தத் திசையில் போனான் என்று மட்டும் விசாரித்தான்.

அடுத்து ஒரு சத்திரத்துக்குப் போனான். எஸ்தாக்கி அங்கே தின்றுவிட்டு, வெண்கலச் செம்பையும் தூக்கிக்கொண்டு போயிருந்தான். கயித்தான் காதில் கிடந்த கடுக்கனைக் கழற்றிக் கொடுத்துவிட்டு மறுபடியும் நடந்தான். கடல் காற்று பின்தங்கிப்போயிற்று. செம்மண்ணும் முள்ளும்தான் எதிரே இருந்தன.

கடைசியில் ஒரு சுண்ணாம்புக் காளவாசலுக்கு வந்தான். அங்கே ஒருவன் சிப்பி ஓட்டைக் கூடை கூடையாகத் தீயில் கொட்டிக்கொண்டிருந்தான். உடம்பெல்லாம் சாம்பல். கடலடியில் சிப்பி அள்ளிய கை அது. கயித்தானுக்கு அடையாளம் தெரியாமல் போகுமா?

"மாப்பிள்ளை" என்றான்.

எஸ்தாக்கி திரும்பவில்லை. தன் ஊர் வேறு, தன் பேர் வேறு என்றான். பிறகு தாங்காமல் சீறினான்.

"என்னைப் பிடிச்சுக் கொடுத்தா ராஜா உனக்குப் பட்டு வேட்டி தர்றேன்னாரா, மச்சான்? நான் உன்னைக் கூப்பிட்டேனா?"

கூப்பிடவில்லைதான் என்று கயித்தான் ஒத்துக்கொண்டான். பிறகு அவனும் ஒரு கூடையை எடுத்துச் சிப்பி ஓட்டைச் சுமக்க ஆரம்பித்தான். பொழுது சாய்கிறவரை சுமந்தான். மறுநாள் எஸ்தாக்கி அவனுக்குப் பின்னால் ஊரைப் பார்த்து நடந்தான்.

கதை இங்கே முடியும் என்று நினைத்தீர்களா? முடியவில்லை. பாதி வழியில், ஒரு புளியமரத்தடியில் கயித்தான் அசந்து கண்மூடிய நேரத்தில் எஸ்தாக்கி மறுபடியும் ஓடிப்போனான். கயித்தான் மறுபடியும் தேடினான். முட்காட்டில், காலில் முள் ஏறி, நடக்கவும் முடியாமல் ஒளியவும் முடியாமல் உட்கார்ந்திருந்தவனைக் கண்டுபிடித்தான்.

"இன்னும் எத்தனை தடவை வருவ?" என்று கேட்டான் எஸ்தாக்கி. இப்போது அவன் குரலில் சீற்றம் இல்லை.

கயித்தான் அவன் காலை மடியில் வைத்து முள்ளைப் பிடுங்கினான்.

"எனக்கு எண்ணத் தெரியாது மாப்பிள்ளை. இழுக்கத்தான் தெரியும்."

அவனைத் தோளில் தாங்கிக்கொண்டு ஊருக்கு வந்தான். அடுத்த முத்துக்குளிப்புக்கு ராஜாவின் கூடாரம் அப்போது மறுபடியும் எழும்பியிருந்தது. ஊரே கூடிவிட்டது. திருடனுக்கு இப்படி ஊர்வலமா என்று சிலர் சிரித்தார்கள். கண்காணி பழைய கத்தியை நீட்டினான். இப்போதாவது அறுத்துவிடு, இவனோடு நீயும் ஏன் கெட வேண்டும் என்றான்.

கயித்தான் வாயைத் திறக்குமுன் எஸ்தாக்கி முன்னால் வந்து மணலில் முழங்கால் போட்டான்.

"நான்தான் எடுத்தேன். கள்ளுக்கு மாத்திட்டேன். என்ன தண்டனைன்னாலும் கொடுங்க. மச்சானைக் கயித்தை அறுக்கச் சொல்லாதீங்க."

ஓடிப்போன நாள் முதல் அவன் சொல்லாத சொல் அது. தேடப்பட்ட பிறகுதான் அவனுக்கு அது வாயில் வந்தது என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். ஆண்டவர் சொன்ன உவமைகளிலும் அப்படித்தானே? தொலைந்த ஆடு மேய்ப்பனுக்குச் சொல்லி அனுப்பவில்லை. தொலைந்த காசுக்கு வாயே கிடையாது.

ராஜா தீர்ப்புச் சொன்னான். அந்தப் பருவம் முழுவதும் எஸ்தாக்கி கடலில் இறங்கக் கூடாது. வந்து சேரும் தோணிகளைக் கரைக்கு இழுத்துப் போட வேண்டும். கயிற்றை அறுக்காதவனும் கூட இழுக்க வேண்டும். இருவரும் ஒப்புக்கொண்டார்கள்.

அன்று மரியகொழுந்து பெரிய சட்டியில் மீன் குழம்பு வைத்தாள். ஊரையே அழைத்தாள். சிரித்தவர்கள்கூட வந்தார்கள். எஸ்தாக்கி இலைக்கு முன்னால் தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தான். தொம்மை மட்டும் வேலிக்கு வெளியே நின்றான்.

கயித்தான் முதல் கவளத்தை எடுத்தவன் அப்படியே இலையில் வைத்துவிட்டு எழுந்து போனான். உள்ளே வரும்படி கூப்பிட்டான்.

"நான் ஒரு நாளும் வாய்க்குள்ள ஒண்ணும் அடக்கினதில்ல. எனக்கு யாரு மீன் ஆக்கிப் போட்டா?" என்றான் தொம்மை.

சொன்னது நியாயம்தான்.

"மச்சான், நீங்க இங்க நின்னா எனக்கு அங்க சோறு இறங்காது" என்றான் கயித்தான்.

தொம்மை முகத்தைத் திருப்பிக்கொண்டான். உள்ளே வந்தானா, வரவில்லையா என்று எனக்குச் சொன்னவர்கள் சொல்லவில்லை. குழம்பு ஆறிக்கொண்டிருந்தது, கயித்தான் வேலியோரத்தில் அவனுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான், அவ்வளவுதான் சொன்னார்கள்.

கேட்டவர்கள் இந்த நீதியை வைத்துக்கொள்ளுங்கள்: காணாமற்போனவர் கூப்பிடட்டும் என்று கடவுள் காத்திருப்பதில்லை, தூரத்தில் தொலைந்தவரையும் வீட்டு வாசலிலேயே தொலைந்தவரையும் அவரே தேடி வருகிறார்.