கோதண்டபாணி சார் விட்ட லீவு

டியூஷன் சென்டர் கோதண்டபாணி சாருக்கு லீவு என்றாலே வேப்பங்காய். ஆயுத பூஜையன்றும் பிளஸ் டூ பிள்ளைகள் வந்து, பூஜை முடிந்த கையோடு மாதிரித் தேர்வு எழுதியாக வேண்டும் என்றுவிட்டார். எல்லோரும் முனகினார்கள். வேதவல்லி மட்டும், "பூஜை வேலையை நான் பாத்துக்கறேன் சார்" என்றாள்.

கண்ணில் பட்டதையெல்லாம் சரஸ்வதி படத்தின் முன்னால் அவள் அடுக்கிய அழகில் சாருக்கு உச்சி குளிர்ந்தது. அவரே கற்பூரம் காட்டினார். ஒருத்தி தன் பேனாவை எடுக்கக் கை நீட்டியதும் சீறினார்.

"பூஜையில வச்சதை நாளைக்குத்தான் தொடணும்! மீறினா படிப்பு மண்டையில ஏறாது!"

பிறகு திரும்பி, "வேதவல்லி, கேள்வித்தாளைக் கொண்டாம்மா" என்றார்.

கேள்வித்தாள் கட்டு சந்தனப் பொட்டோடு படத்தடியில் இருந்தது.

"சரி, போர்டுல எழுதிப் போடறேன். சாக்பீஸ் எங்க?"

அதற்கும் குங்குமம் வைத்தாயிற்று.

"அப்ப நான் வீட்டுக்கே போறேன்! என் ஸ்கூட்டர் சாவி?"

"மேஜையில கிடந்துது சார், அதையும் பூஜையில வச்சுட்டேன். நாளைக்கு விஜயதசமி, விடிஞ்சதும் வந்து ஒழுங்காப் படிக்கிறோம். இன்னிக்கு நீங்க நடந்துதான் போகணும். வழியில கொறிக்க இந்தாங்க, பொரி. இது பிரசாதம் சார், தொடலாம்."