கண்டென்சர் தண்ணீர்

சந்தியாகுவுக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. அவருடைய பிஎச்.டி. ஆய்வுக்குக் கைடு மெஹராஜ் பேகம் அவரைவிடச் சின்னவர். இவர் "மேடம்" என்பார். அந்த அம்மா "சார்" என்பார். அந்த ஆய்வகத்தில் அது பழகிப்போயிருந்தது.

அன்று மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்து கதவைத் திறந்ததும் தீய்ந்த நெடி குப்பென்று மூக்கில் ஏறியது. ஹீட்டர் மேல் குடுவை வறண்டு கிடந்தது. உள்ளே வெறும் கரி. ஹீட்டரை அணைத்தார். அதற்கு மேல் அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

குடுவையில் கொதிப்பது ஆவியாகி மேலே ஏறும். குடுவைக்கு மேல் நிற்கும் கண்ணாடிக் கண்டென்சரைச் சுற்றி ஓடும் தண்ணீரில் குளிர்ந்து, சொட்டுச் சொட்டாகக் குடுவைக்கே திரும்பும். தண்ணீர் நின்றால் தீர்ந்தது கதை. இங்கே குழாய் மூடியிருந்தது.

"எந்தப் பாவி மூடினது?" வராந்தா அதிரக் கத்தினார்.

சத்தம் கேட்டு மெஹராஜ் பேகம் வந்தார். குழாயைப் பார்த்தார்.

"லேப் சாவி யார்கிட்ட இருந்துச்சு, சார்?"

சந்தியாகு சட்டைப் பையைத் தொட்டார். பூட்டியதும் அவர், திறந்ததும் அவர்.

முதுகுளத்தூர்ப் பக்கத்துக்காரர் அவர். குடத்தைத் தூக்கிக்கொண்டு தண்ணீர் லாரிக்குப் பின்னால் ஓடி வளர்ந்தவர். தண்ணீர் சும்மா கொட்டினால் அந்தக் கை பார்த்துக்கொண்டிருக்குமா? சாப்பிடப் போகிற அவசரத்தில் தன்னையறியாமல் மூடிவிட்டுப் போயிருக்கிறார்.

"போச்சு மேடம். நான் தயாரிச்ச பொருள்ல மிச்சம் ஒரு சிட்டிகைகூட இல்லை. திரும்பச் செய்ய ஒரு வருஷம் ஆகும். என் பிஎச்.டி. பதிவு இந்த மாசத்தோட முடியுது. பட்டம் இல்லேன்னா காலேஜ்ல வேலையும் இல்லை. ஏதாவது வழி இருக்கா?"

"இல்லை, சார்."

சந்தியாகு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"அடுத்தவன் மூடியிருந்தா அவனைத் திட்டியாவது ஆறிக்குவேன். என் கையே எனக்குக் குழி பறிச்சிருக்கு. இந்தக் கையை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?"

மெஹராஜ் பேகம் போய்க் குழாயை முழுக்கத் திறந்தார். கண்டென்சரில் ஏறிச் சுற்றிய தண்ணீர் தொட்டியில் கொட்டியது.

"இப்ப எதுக்கு மேடம்? அதான் எல்லாம் கருகிப்போச்சே."

"பாருங்க, சார்."

பார்த்தார். எழுந்து நின்று, பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தார். தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. அவர் வேண்டாம் வேண்டாம் என்று இருக்கும்போதே கை நீண்டு குழாயை மூடிவிட்டது.

அதைப் பார்த்ததும் அவருக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"பாத்தீங்களா? பாத்தீங்களா மேடம்? இந்தச் சனியன் பிடிச்ச கையை வெட்டித்தான் போடணும்."

மெஹராஜ் பேகம் மூடிய குழாயைக் காட்டினார்.

"இப்ப மூடினது தப்பா, சார்?"

சந்தியாகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, குழாய் சொட்டாமல் இருக்கிறதா என்று அதே கையால் இன்னொரு முறை திருகிப் பார்த்தார்.