தெபோராளின் ஆடும் நாலு பேர் ஆசையும்

கிருபைவிளை தெபோராளுக்கு நடந்தது பச்சை அநியாயம். அவளிடம் இருந்தது ஒரே ஓர் ஆடு, அதுவும் சினை ஆடு. அறுவடைக்கு நன்றி சொல்லும் அறுப்பின் பண்டிகையன்று நாலு ஆம்பிளைகள் அதை அவிழ்த்துக்கொண்டு போய் வேதக்கோவில் பீடத்துக்கு முன்னால் கட்டிவிட்டார்கள். திருடினார்கள் என்றாலாவது மனசு ஆறும். பேராசையை ஜெயிப்பதற்காக அவிழ்த்தார்களாம்.

முந்தின ஞாயிறு போதகர் செய்த பிரசங்கத்தில் ஆரம்பித்த வினை இது. "அடுத்தவர் பொருள்மேல் வைத்த ஆசையை இனியும் சுமக்காதீர்கள். பண்டிகையன்று அதைக் கொண்டுவந்து ஆண்டவர் முன் வைத்துவிட்டு, வெறுங்கையோடு வீட்டுக்குப் போங்கள்" என்று அவர் உருக்கமாகச் சொல்லியிருந்தார். ஊரே தலையாட்டிவிட்டு மறந்துபோனது. மறக்காமல் டீக்கடை பெஞ்சில் கூடியவர்கள் நாலு பேர்.

அவர்களில் மூத்தவர் ஞானசிகாமணி. பேரில் இருப்பதைத் தவிர வேறு ஞானம் அவரை அண்டியதில்லை. ஆசையைக் கொண்டுபோவதற்கு முன்னால் அது எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டாமா என்று கேட்டார். நியாயம்தானே. நாலு பேரும் கண்ணை மூடிப் பார்த்தார்கள். லேவிக்குத் தெபோராளின் ஆடு தெரிந்தது. பொன்னுத்துரைக்கும் அதேதான். சீமோன் இன்னும் கொஞ்சநேரம் மூடியிருந்ததில் அவனுக்கு மசாலாவோடு தெரிந்தது.

"நாலு பேருக்கும் ஒரே ஆசை. கொண்டுபோகச் சுலபம்வே" என்றார் ஞானசிகாமணி.

பண்டிகைக் காலையில் தெபோராள் மற்றப் பெண்களோடு கோவிலுக்குத் தோரணம் கட்டப் போயிருந்தாள். அந்த நேரத்தில் நால்வரும் வந்து ஆட்டை அவிழ்த்தார்கள். அவிழ்த்ததும் ஒரு தர்க்கம். அவனவன் ஆசையை அவனவன்தான் சுமக்க வேண்டும், ஒருத்தன் பாவத்தை இன்னொருத்தன் பிடித்து இழுப்பது முறையல்ல என்றான் சீமோன். ஆகவே தொடைமேல் ஆசைப்பட்ட சீமோன் பின்னங்காலைப் பிடித்துக்கொண்டான். தலைக்கறிக்கு ஆசைப்பட்ட பொன்னுத்துரை கொம்பைப் பிடித்தான். லேவியின் ஆசை ஈரல்மேல். அதை வெளியிலிருந்து பிடிக்க வழியில்லாததால், வழிநெடுக ஆட்டின் வயிற்றில் கைவைத்துக் குனிந்தபடியே நடந்தான். ஞானசிகாமணி ஆசைப்பட்டது குழம்புக்கு. அவர் காலிச் சட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தார்.

ஆராதனைக்கு உடுத்திக்கொண்டு போகலாம் என்று வீட்டுக்கு வந்த தெபோராள், முளைக்குச்சியைப் பார்த்தாள். ஆட்டைக் காணோம். குளம்புத் தடம் பார்த்து ஓடினாள். தடம் கோவிலுக்குள்ளேயே போயிற்று.

அந்த ஊரில் பண்டிகைக்கு வந்த காணிக்கையை எல்லாம் ஆராதனை முடிந்ததும் ஏலம் விடுவது வழக்கம். பூசணிக்காய், வாழைத்தார், சேவல், அதற்கடுத்து அவள் ஆடு. ஏலம் எடுக்கவென்றே சந்தைக் கறிக்கடைக்காரர் ஒருவர் முன்வரிசையில் உட்கார்ந்து, அதன் விலாவையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆட்டின் பக்கத்தில் நின்ற நால்வரிடம் தெபோராள் பாய்ந்து போனாள்.

"என் ஆட்டை எதுக்குலே இங்க கட்டினீங்க?"

"ஒங்க ஆடுதான்க்கா. நாங்க இல்லன்னு சொல்லலியே. ஆசைதான் எங்களுது" என்றான் லேவி, மரியாதையாக.

"அப்போ ஆசையை வச்சுக்கிட்டு ஆட்டைத் தாங்க."

அதுவும் சரியாகத்தான் பட்டது அவர்களுக்கு. லேவி ஆட்டைச் சுற்றி வந்தான். காதை மடக்கிப் பார்த்தான், வாலைத் தூக்கிப் பார்த்தான். பிரித்தெடுக்கத் தோதாக ஓர் இடமும் இல்லை என்று வருத்தத்தோடு அறிவித்தான்.

போதகர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். ஆசை ஆட்டுக்குள் இல்லை, உங்களுக்குள் இருக்கிறது, அதை ஆண்டவர்தான் எடுக்க வேண்டும், முழங்கால் போடுங்கள் என்றார்.

"எடுக்கும்போது வலிக்குமா ஐயா?" என்று கேட்டான் பொன்னுத்துரை.

"கொஞ்சம் வலிக்கும்."

நால்வரும் முழங்கால் போட்டார்கள். லேவி வாய்விட்டே ஜெபித்தான். "ஆண்டவரே, அந்த ஈரல் நெனப்பு என்னை விடமாட்டேங்குது. நானா தள்ளிப் பாத்துட்டேன், முடியல. நீரே எடுத்துக்கிடும்." சொல்லிவிட்டு விசும்பி அழுதான். சண்டைக்கு வாயைத் திறந்த தெபோராளுக்கு முதலில் 'ஆமென்' வந்து தொலைத்தது. எல்லாரும் கண்ணை மூடியிருந்த நேரத்தில் ஆடு காணிக்கைக் கீரைக்கட்டை முடித்துவிட்டுத் தோரணத்துக்குப் போயிருந்தது.

கண்ணைத் திறந்த பொன்னுத்துரை ஆட்டை ரொம்ப நேரம் பார்த்தான். "வெறும் ஆடா இருக்குவே" என்றான் மெதுவாக. மற்றவர்களும் பார்த்தார்கள். ஆமாம், வெறும் ஆடுதான். ஞானசிகாமணி கயிற்றைத் தெபோராள் கையில் கொடுத்தார். இனி எதற்கு என்று சட்டியையும் கொடுத்தார். கறிக்கடைக்காரர் ஒரு பூசணிக்காயோடு சந்தைக்குத் திரும்பினார்.

ஆடு கிடைத்துவிட்டது. அதற்காக விட்டுவிட முடியுமா? தனியாக இருக்கும் பொம்பிளை, கேட்க ஆளில்லை என்ற நினைப்பில்தானே கைவைத்தார்கள் என்று அவளுக்கு உள்ளே கொதித்தது. ஆராதனையும் ஏலமும் முடிந்து, வெளியே பந்தி போட்டு ஊருக்கே ஆட்டுக்கறிச் சாப்பாடு பரிமாறிக்கொண்டிருந்தார்கள். தெபோராள் வழியை மறித்து நின்றாள்.

"அண்ணாச்சி, ஒங்க வீட்டுலயே ரெண்டு ஆடு நிக்கி. லேவி, ஒங்க மாமன் வீட்டுல மந்தையே நிக்கி. அதையெல்லாம் விட்டுட்டு எதுக்கு என் ஆடு? பதில் சொல்லாம ஒருத்தரும் எலையில உக்காரப்பிடாது."

நால்வரும் வேப்பமரத்தடியில் போய் யோசித்தார்கள். கறிக்குழம்பு வாசனை மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தது. ஒருத்தரும் அந்தப் பக்கம் மூக்கைத் திருப்பவில்லை. பந்தி முடிந்து இலை எடுக்கும் நேரத்துக்குத்தான் திரும்பி வந்தார்கள். ஞானசிகாமணி தோள்துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"எங்க வீட்டு ஆடு ரெண்டும் எலும்பும் தோலும், தங்கச்சி. அதுக மேல எனக்கு இருந்த ஆசையும் அப்படித்தான், எந்திரிச்சு நிக்கக்கூடத் தெம்பு கெடயாது. நீயே சொல்லு. அறுப்பின் பண்டிகையும் அதுவுமா ஆண்டவருக்குப் போயி நோஞ்சான் ஆசையையா கொடுக்க முடியும்?"