நெல்லி காய்க்கும் வரை

காட்டுக் குட்டையின் கரையில் ஊசியப்பன் என்ற முள்ளம்பன்றி தனியாக வாழ்ந்தது. முன்பெல்லாம் அங்கே மான்கள் வரும். கரையில் புல் தீர்ந்ததும் அவை மலைக்கு அந்தப் பக்கம் போய்விட்டன. அதன்பிறகு தவளைகள்தான் துணை. அவையோ அடுத்தவரைப் பேச விடுவதில்லை.

"மான்களைத் திரும்ப வரவழைக்கிறேன்!" என்றது ஊசியப்பன்.

மழை பெய்ததும் மண்ணைக் கிளறியது. காட்டோரக் கொல்லையில் சிந்திக் கிடந்த கொள்ளையும் தட்டைப்பயறையும் கவ்வி வந்து விதைத்தது. ஓரத்தில் ஒரு நெல்லிக்கன்றும் ஊன்றியது.

மரத்திலிருந்து ஒரு மந்தி கேட்டது: "யாருக்கு மாமா இந்தப் பாடு?"

"விருந்தாளிகளுக்கு!"

பயிர் முழங்கால் உயரம் வளர்ந்தபோது ஒரு பெண்மான் தன் குட்டியோடு வந்தது. "பெரியவரே, பச்சை வாசனை இழுத்து வந்தது. அந்தப் பக்கம் மழையில்லாமல் புல்லெல்லாம் தீய்ந்துவிட்டது. இரண்டு வாய் மேயலாமா?"

ஊசியப்பனுக்கு மகிழ்ச்சியில் முட்கள் சலசலத்தன. அதற்குள் குட்டி ஒரு கொழுந்தைக் கடித்துவிட்டது.

"ஐயோ! கடிக்காதே!" என்று கத்தியது ஊசியப்பன். "இது வெறும் தழை, தாயி. நெல்லி காய்க்கட்டும். பயறும் காயுமாகப் பரப்பி வைக்கிறேன். அன்றைக்கு வாருங்கள்!"

"நெல்லி எப்போது காய்க்கும்?"

"நாலைந்து மழைக்காலம் போனால் காய்த்துவிடும்."

"அதற்குள் இந்தக் குட்டிக்கே குட்டி பிறந்துவிடும், மாமா!" என்று சிரித்தது மந்தி.

பெண்மான் சிரிக்கவில்லை. குட்டியின் நெற்றியை நக்கிவிட்டு நடந்தது.

ஊசியப்பன் தோட்டத்தைச் சுற்றி இலந்தை முள்ளால் வேலி போட்டது. மாலைதோறும் வேலிக்குள் உட்கார்ந்து மலையைப் பார்த்தது. யாரும் வரவில்லை.

ஒருநாள் மந்தி இறங்கி வந்தது. அதன் முகத்தில் கேலி இல்லை. "மாமா, அந்தக் குட்டி ஓடை மேட்டில் படுத்துக் கிடக்கிறது. தாய்க்குப் பால் வற்றிவிட்டது. குட்டிக்கு எழுந்திருக்கத் தெம்பில்லை."

ஊசியப்பன் தன் தோட்டத்தைத் திரும்பிப் பார்த்தது. ஒரு இலைகூடக் குறையாமல் பச்சைப்பசேலென்று நின்றது. பார்க்கவே கூசியது.

நறுக்கென்று முதல் செடியைத் தானே கடித்தது. பிறகு அடுத்தது. வாய் நிறையக் கவ்விக்கொண்டு, தான் போட்ட வேலியைத் தானே முட்டிப் பிய்த்துக்கொண்டு ஓடியது.

ஓடை மேட்டில் முட்களை அடக்கிப் படுத்து, கொழுந்தைக் குட்டியின் வாயருகே வைத்தது. குட்டி முகர்ந்தது. மெல்ல ஒரு இலையை மென்றது. இன்னொன்றுக்குக் கழுத்தை நீட்டியது.

"பெரியவரே, நெல்லி காய்த்துவிட்டதா?" என்றது பெண்மான்.

"நெல்லி கிடக்கட்டும், தாயி. நீங்கள் வாருங்கள்!"

வந்தார்கள். கூட்டமாகவே வந்தார்கள். மேய்ந்த செடிகள் அடுத்த மழையில் பக்கத்துக்குப் பக்கம் கிளைத்தன. குட்டையோரம் மறுபடி பேச்சும் சிரிப்புமாயிற்று.

நெல்லி முதன்முதலாகக் காய்த்த வருஷம் ஊசியப்பன் உயிரோடு இல்லை. மந்தி சொன்னபடியே அந்தக் குட்டிக்கு ஒரு குட்டி பிறந்திருந்தது. அது உதிர்ந்த காயைக் கடித்து முகத்தைச் சுளித்தது. குட்டையில் தண்ணீர் குடித்ததும் கண்ணை அகலத் திறந்தது.

"இனிக்குதே அம்மா! யார் வைத்த மரம்?"

"நம் ஊசியப்பன் மாமா வைத்தது" என்றது தாய்.

பிறருக்கென்று நாம் வளர்த்ததை, அவர்கள் பசித்து வந்து நிற்கிற அந்த வேளையிலேயே கொடுத்துவிட வேண்டும்.